உறை பிரிக்காத பலகை

கள்ளக்குறிச்சியில் கூரைப் பலகை பார்க்க வருகிறவர் முதலில் செய்வது அதைத் தட்டிப் பார்ப்பது. விரலை மடக்கி, முட்டியால், தேங்காய் முற்றியதா இல்லையா என்று பார்க்கிற மாதிரி இரண்டு தட்டு. ஜிப்சம் பலகை டொக் டொக் என்று பதில் சொல்லும். முகத்தில் திருப்தி வரும். சத்தத்தை உறிஞ்சுகிற பலகை பதில் சொல்லாது. சொல்லாமல் இருப்பதற்குத்தான் அதைச் செய்தே இருக்கிறார்கள். ஆனால் தட்டியவரின் முகம் சுருங்கிவிடும். அடுத்து ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனமும் இருக்காது. "இன்னாபா இது, தெர்மாகோல் கணக்கா இருக்குது" என்பார். அதோடு அந்தப் பலகை என் வண்டிக்குத் திரும்பிவிடும்.

கடைகள், ஆபீஸ்கள், ஆஸ்பத்திரிகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுவது என் தொழில். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் ஆபீஸ்களுக்குக் கூரை போட்டு வேலை கற்றேன். அங்கே பலகை மாட்டுவதற்கு முன் ஒரு ஆள் கருவியோடு வந்து அறையின் சத்தத்தை அளப்பார். மாட்டிய பிறகும் வந்து அளப்பார். கருவி வாங்க எனக்கு வசதியில்லை. ஆனால் அவரைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அறையின் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கை தட்டினால் போதும். தட்டிய சத்தம் எவ்வளவு நேரம் அறைக்குள் சுற்றுகிறது என்பதை வைத்து, அங்கே ஒரு மனிதன் பேசினால் இன்னொரு மனிதனுக்குப் புரியுமா என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகராகி, தெருவுக்குத் தெரு கண்ணாடி முகப்பு வைத்த கட்டடங்கள் முளைத்தபோது இந்தக் கைதட்டலோடு திரும்பி வந்தேன். இதைக் கேட்க ஆள் இருக்கும் என்று நினைத்தது என் மடத்தனம்.

வருகிறவர்கள் கைபேசியை நீட்டுவார்கள். அதில் துபாயில் எடுத்த ஒரு ஹோட்டல் கூரை இருக்கும். நடுவில் தாமரை, தாமரையைச் சுற்றி நீல விளக்கு, நீலத்தைச் சுற்றி ரோஸ் விளக்கு. இது அப்படியே வேண்டும். கீழே என்ன வரப்போகிறது என்று கேட்டால் டியூஷன் சென்டர் என்பார்கள். அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகளுக்குத் தாமரை தெரியும், நேரே நிற்கிற வாத்தியார் பேசுவது மட்டும் விளங்காது. எல்லாம் முடிந்து திறப்பு விழா நடந்து ஒரு மாதம் கழித்து ஃபோன் வரும். "தம்பி, எதிரொலி ஜாஸ்தியா இருக்குது, இன்னா பண்ணலாம்?" இதை முதலிலேயே சொன்னேனே என்று சொன்னால் கோபம் வரும். ஒரு துணிக்கடை முதலாளி என்னைக் கேட்காமலே முட்டை அட்டைகளை வாங்கிக் கூரை முழுக்க ஒட்டிவிட்டார். அடுத்த மழைக்கு அதில் எலி குடித்தனம் வைத்தது.

தரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்குத் தரை கிரானைட்டாக இருக்க வேண்டும், சுவரில் ஆள் உயரத்துக்கு மேலும் டைல்ஸ் ஏற வேண்டும், மீதி இடம் கண்ணாடியாக இருக்க வேண்டும். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: கழுவி விட்டுக்கலாம். இந்த ஊரில் கட்டுகிற ஆபீஸ், கடை, கிளினிக் எல்லாமே பெரிய குளியலறைகள்தான். குளியலறையில் பாடினால் நன்றாக இருக்கும். நாற்பது பேர் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்படி ஒரு குளியலறையைச் சரிசெய்யத்தான் ஒரு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தனியார் கிளினிக். டாக்டர் பேருக்குத்தான். கட்டடம், கட்டடத்தின் நிறம், சாமி படம் மாட்டிய சுவர், எல்லாம் அவருடைய மாமனார் தீர்மானித்தவை. மாமனார் களமருதூர்ப் பக்கம் நெல் போடுகிற பெரிய விவசாயி. மருமகனின் கிளினிக்கில் தினமும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர்களுடைய பிரச்சினை இதுதான். நோயாளிகள் பேர் கொடுத்துவிட்டுக் கூடத்தில் காத்திருப்பார்கள். வரவேற்பு மேசையில் இருக்கிற பெண் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்டது யாருக்கும் விளங்காது. பக்கத்து ஆள் தன் பேர் என்று நினைத்து எழுந்து போய்விடுவார். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் காலை பஸ்ஸில் இறங்கி வந்தவர்கள் முண்டியடித்து முன்னால் போய் நிற்க மாட்டார்கள். தன் பேர் வரும் என்று சுவரோரம் உட்கார்ந்தே இருப்பார்கள். பேர் வந்து போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸை நினைத்து ஒருவர் எழுந்து சத்தம் போட, மற்றவர்களும் சத்தம் போட, மாமனார் வந்து அந்தப் பெண்ணைச் சத்தம் போடுவார்.

அவளும் மலைக்காரிதான். வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூர். வீட்டில் சாமை, மரவள்ளி போடுகிறவர்கள். கள்ளக்குறிச்சியில் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் தங்கி, மாலையில் ரத்தப் பரிசோதனை படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பகலில் இந்த வேலை இருந்ததால்தான் மாலையில் அந்தப் படிப்பு இருந்தது. இதை அவளே என்னிடம் சொன்னாள், நான் முதல் நாள் அளவெடுக்கப் போனபோது.

மாமனார் அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "மலைப் பேச்சு தம்பி. வாய்க்குள்ளயே முழுங்கிக்கினு பேசுது. டாக்டர் சொல்றாரேன்னு சீலிங் போட்டுப் பாக்கறேன். அப்புறமும் ஜனங்க இதே பாட்டு பாடினா பொண்ண மாத்திட வேண்டியதுதான்."

நான் கூடத்தின் நடுவில் நின்று கை தட்டினேன். தட்டிய சத்தம் கண்ணாடியில் மோதி, டைல்ஸில் மோதி, கிரானைட்டில் உருண்டு, நான் கையை இறக்கிய பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெண்ணை ஒரு பேரைச் சொல்லச் சொன்னேன். மேசைக்கு முன்னால் நின்று கேட்டால் மணி மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசையில் அந்தப் பேரில் பாதி காணாமல் போனது. கடைசி வரிசையில் யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மாமனாரையே பேசச் சொல்லிக் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். அவர் பேச்சும் அதே கதிதான். அவளுடைய குரலில் ஒரு குறையும் இல்லை என்று அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கே இது எதிராக வரப்போகிறது.

பலகையை நானே தேர்ந்தெடுத்தேன். இரண்டு விரல் தடிமன், உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு, முகத்தில் மெல்லிய துணி. அலுமினியச் சட்டத்தில் உட்கார வைத்தால் பேச்சில் தெறிக்கிற கூர்மையான ஒலிகளை எல்லாம் குடித்துவிடும். மாமனார் வழக்கம்போல் தட்டினார். தூக்கினார். முகத்தைச் சுருக்கினார். நான் விடவில்லை. ஜிப்சம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் நடுவில் வந்து, அவர் சொல்கிறபடியே செய்யட்டும் என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இந்த ஊரில் ஒரு கூரையாவது ஒழுங்காகப் போடப்போகிறேன் என்று.

பலகைகள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தடித்த பாலிதீன் உறைக்குள். என் ஆட்கள் இரண்டு பேரும் உறைகளை பிளேடால் கீறிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பிரித்திருப்பார்கள். மாமனார் உள்ளே வந்தார். வயிற்றில் அடித்துக்கொள்ளாத குறை.

"இன்னா பண்றீங்க? கவர எதுக்குக் கிழிக்கறீங்க? புதுச் சாமானு!"

அப்போதுதான் எனக்கு அவருடைய கார் ஞாபகத்துக்கு வந்தது. ஒருமுறை அதில் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வாங்கி எத்தனையோ வருடம் ஆன கார். இருக்கைகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கோடையில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு ஒட்டிக்கொண்டு வரும். அவர் வீட்டு சோபாவும் அப்படித்தான். டிவி ரிமோட்டும் அப்படித்தான். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒட்டிய தாளைக்கூட உரிக்கவில்லை. மணி பார்க்க வேண்டுமென்றால் கிட்டப் போய் நிற்க வேண்டும். இவர் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் பாதி வீடுகளில் மெத்தை உறையோடுதான் கிழடாகிறது. அனுபவிப்பதற்கு வாங்கின பொருளை அனுபவிக்காமல் காப்பாற்றி, கடைசியில் உறை மக்கிக் கிழிந்த பிறகு, உள்ளே புதுசாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிற ஜனம்.

நான் பொறுமையாகவே சொன்னேன். சத்தம் பஞ்சுக்குள் போனால்தான் அடங்கும், பிளாஸ்டிக் அதைத் திருப்பி அனுப்பிவிடும் என்றேன். அவருக்கு ஏறவில்லை. "பிளாஸ்டிக் கவருக்குள்ள துண்ட வெச்சிக்கினு தல தொவட்டினா ஈரம் போவுமாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"தொவட்டணும்னா கவர பிரிக்கலாம் தம்பி. இது மேல கெடக்குது. இத எவன் தொடப்போறான்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. டாக்டர் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். படித்தவர், காதுக்குள் என்ன இருக்கிறது என்று பாடம் படித்தவர், இவராவது சொல்வார் என்று திரும்பினேன். ஆஸ்பத்திரி அல்லவா, தூசி அடையாமல் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். அவருடைய அறையில் திரைச்சீலை உண்டு, மெத்தை போட்ட நாற்காலி உண்டு, எதிரொலி கிடையாது.

நான் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. மாமனார் அடுத்ததாக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் கூரை இந்தக் கூடத்தைப் போல் பத்து மடங்கு. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. உங்கள் காது, உங்கள் பாடு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, என் ஆட்களைப் பார்த்து உறையோடே மாட்டச் சொன்னேன். பிரித்த நாலைந்து பலகைகளுக்கும் மாமனார் டேப் ஒட்டித் திரும்ப உறை போட வைத்தார்.

வேலை முடிந்து கூடத்தைத் திறந்த அன்று பூசணிக்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பாலிதீன் பளபளத்தது. நல்லா மின்னுது என்றார்கள். ஒருவர் இது எந்த ஊர் டிசைன் என்று கேட்டார். கூடத்தில் முன்பிருந்த தொம்மென்ற இரைச்சல் கொஞ்சம் கம்மியாகியிருந்தது. ஆனால் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுகிற சின்னச் சின்ன ஒலிகள் மட்டும் பிளாஸ்டிக்கில் பட்டுத் தெறித்து, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடந்தன.

அந்தப் பெண் என்னைக் கடைசி வரிசையில் போய் நிற்கச் சொன்னாள். முகம் முழுக்க ஆசை. அவளுக்கு வேலை நிலைக்குமா போகுமா என்பது அந்தக் கூரையில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். ஒரு பேரைச் சொன்னாள். ஏதோ ஒரு பேர். எனக்குப் பிடிபடவில்லை.

"அண்ணா, இப்ப கேக்குதா?" என்பதைக் கையால் சைகை காட்டிக் கேட்டாள்.

சுற்றி மாமனாரின் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். கேட்கிறது என்று. அவள் சிரித்தாள்.

ஒரு மாதம்கூட முழுதாகப் போகவில்லை. மறுபடியும் மலைக்காரர் ஒருவர் காய்ச்சலில் துவண்ட மனைவியை வைத்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்து, பேர் போய்விட்டது தெரிந்து சத்தம் போட்டிருக்கிறார். மாமனார் எனக்கு ஃபோன் செய்து வரச் சொன்னார். போனேன். கூடத்தில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். அவள் மேசையில் இருந்தாள். தலை குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தாள், எழுதவில்லை.

மாமனார் கேட்டார். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சிக்காம சொல்லு. கொற சீலிங்லயா, பொண்ணுகிட்டயா?"

கூரையைப் பார்த்தேன். பாலிதீன் மின்னியது. உறையைப் பிரியுங்கள் என்று சொன்னால் முடிந்தது. அன்றைக்கே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், தெரிந்தே ஏன் மாட்டினாய் என்று கேட்பார். மண்டபத்து வேலை பேச்சளவில் இருந்தது, முன்பணம் கைக்கு வரவில்லை. மேலும், இந்த மனிதருக்கு எதற்கு இரண்டாவது தடவை விளக்க வேண்டும் என்ற ஒரு திமிரும் எனக்குள் இருந்தது. எது அதிகம் என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சீலிங்ல ஒண்ணும் கொற இல்லீங்க ஐயா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அந்த வார சனிக்கிழமையோடு அவளை அனுப்பிவிட்டார்கள். அடுத்து கள்ளக்குறிச்சிப் பெண் ஒருத்தியை வைத்தார்கள். அவள் பேசுவதும் விளங்கவில்லை. மைக் கொடுத்தார்கள், இரைச்சல் பெரிதானது. பிறகு நம்பர் ஓடுகிற சிவப்பு விளக்குப் பலகை ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அதன் மேலும் கம்பெனி ஒட்டிய தாள் இருக்கிறது. மண்டப வேலை எனக்குக் கிடைத்தது. நடுவில் தாமரை போட்டேன். ஜிப்சம்தான், தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும்.

இந்த வருடம் கரியாலூரில் ஒரு தங்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரை போடக் கூப்பிட்டார்கள். அருவி பார்க்க வருகிற கூட்டம் அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லையாம். அளவெடுத்துவிட்டு வெள்ளிமலை வந்து டீ குடிக்க நின்றேன். ஒரு ஜீப் கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

"சீலிங் அண்ணா! இங்க பாருங்க, இங்க."

ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது. அவள்தான். சாமை அரிசியும் தேனும் பொட்டலம் போட்டு விற்கிற சின்னக் கடை. நான் சாலையைக் கடந்து போனேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நின்றுவிட்டது என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போகவில்லையா என்றேன்.

"ரெண்டு எடத்துல வரச் சொன்னாங்க அண்ணா. எல்லாம் பேசற வேலையா இருந்துச்சி. நமக்குத்தான் கொரலு சரியில்லன்னு தெரிஞ்சிபோச்சே, எதுக்குப் போயி அங்கயும் திட்டு வாங்கிக்கினுன்னு வந்துட்டேன்."

ஜீப் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. நான் சொன்னேன். பிளாஸ்டிக்கைச் சொன்னேன். முதல் நாள் கை தட்டிப் பார்த்ததைச் சொன்னேன். அவள் குரலில் குறையே இல்லை, கூடத்தில்தான் குறை என்றேன். சொல்லும்போது மாமனாரையும் டாக்டரையும் இரண்டு வார்த்தை திட்டினேன். அது எனக்குச் சுலபமாக வருகிறது.

அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"இது அப்பவே உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா."

"அந்த ஐயா கேட்டாரே, அன்னிக்கு. அப்பவும் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் தேன் விலை கேட்டது. என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி அவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவர்கள்கூடக் குனிந்து கேட்கிற அளவுக்கு. என்ன சொல்கிறாய் என்று அந்த அம்மாள் இரண்டு தடவை கேட்டார்.

களமருதூர்ப் பெரியவரைப் பற்றி இத்தனை பேசிவிட்டேன். அந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு பெண்ணை அனுப்பினார். எனக்குத் தெரியும். நான் டீக்கடைக்குத் திரும்பிப் போய், ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.